யார் கொண்டு வந்த கஷாயம்?

கதிர்வீச்சுப் பிரிவுக்கு நர்ஸாக வந்த முதல் வாரமே உங்களுக்கு வாய்ப்புண்ணைப் படிப்படியாகப் பிரித்து எழுதச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சிவப்பு மட்டும் என்றால் ஒரு படி, கட்டியாகச் சாப்பிட முடியாவிட்டால் இன்னொரு படி என்று போகும். அதை நீங்கள் என்னைவிட நன்றாகவே படித்திருப்பீர்கள். எனக்குப் பாடம் எடுத்ததெல்லாம் நோயாளிகளின் பேச்சுதான்.

"வாய்க்குள்ள கருவாடு காயப் போட்டிருக்கு சிஸ்டர்" என்றார் மீமிசல் பக்கத்து மீன் வியாபாரி ஒருவர். உப்பும் வெயிலும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். "பருக்கை ஒவ்வொண்ணும் நெருஞ்சி முள்ளா இறங்குது" என்றாள் களை எடுக்கும் ஒரு பெண். ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர், "எச்சி முழுங்குறதுக்கு முன்னாடி ஒரு கும்பிடு போட்டுக்கிறேன்" என்று சிரிக்க முயன்றார். சிரித்தால் உதடு வெடித்துவிடும் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டார். இப்படி வாய்விட்டுச் சொல்பவர்களைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை. எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று அவர்களே காட்டிவிடுவார்கள். "பரவால்ல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களைத்தான் கதவு வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

செல்வராணி அப்படிப்பட்டவள். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஊர். சொந்தத்தில் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம். நாற்பது வயதைத் தாண்டியிருந்தாள். உள்கன்னத்தில் வந்த புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து கதிர் வைக்க வந்திருந்தாள்; ஊரில் அதைக் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். கணவர் சவுதியில். மாமியார் அடைக்கம்மாள்தான் தினமும் கூட வருவார்.

எனக்கு வீடு புதுக்கோட்டையில், வேலை பக்கத்து மாவட்டத்து ஆஸ்பத்திரியில். அவர்கள் ஊரிலிருந்து வந்து புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மாறுகிற பஸ்ஸில்தான் நானும் ஏறுவேன். அதனால் மூவரும் ஒன்றாகவே வேலைக்குப் போகிற மாதிரி ஆகிவிட்டது. அடைக்கம்மாள் ஜன்னலோரத்தை மருமகளுக்குக் கொடுத்துவிட்டு, காற்று முகத்தில் அடிக்காமல் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு வருவார்.

பாதிச் சிகிச்சை தாண்டியது. செல்வராணியின் வாய் உள்ளே சிவந்தது, பிறகு தோல் உரிய ஆரம்பித்தது. இது எல்லோருக்கும் வருவதுதான். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சோடா உப்பும் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லியிருந்தோம். வலி மாத்திரையும் கொடுத்திருந்தோம். ஆனால் அவளுக்கு அது ஏறிய வேகம் எங்கள் டாக்டருக்குப் பிடிபடவில்லை. "உப்புத் தண்ணி கொப்பளிக்கிறீங்களா?" என்று கேட்டோம். தலையாட்டினாள். "எப்படி இருக்கு?" என்று கேட்டோம். "பரவால்ல."

அந்த டாக்டரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நோயாளிகள் பையில் ஒளித்துக்கொண்டு வரும் கஷாய பாட்டில்களை அவர் ஒருநாளும் கொட்டச் சொன்னதில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். என்ன போட்டிருக்கிறது, யார் காய்ச்சியது என்று ஊர்க்கதை கேட்பதுபோல் கேட்பார். பிறகுதான் வேண்டும், வேண்டாம் என்பார். ஒரு முறை நானே எரிச்சல்பட்டு, "இதையெல்லாம் எதுக்கு சார் மோந்துக்கிட்டு?" என்று கேட்டேன்.

"திட்டினா பாட்டிலை விட மாட்டாங்க சிஸ்டர். நம்மகிட்ட காட்டுறதைத்தான் விடுவாங்க" என்றார்.

செல்வராணி எங்களிடம் எந்த பாட்டிலையும் காட்டியதே இல்லை. அதனால் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் இருவரையும் காணவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. போன் செய்தேன். அடைக்கம்மாள்தான் எடுத்தார்.

"வர முடியாது நர்ஸம்மா. புள்ளைக்கு அம்மை பூட்டியிருக்கு. மாரியாத்தா வந்திருக்கா. தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக் கூடாது."

"அம்மா, நாள் தள்ளிப் போகக் கூடாதும்மா..."

"ஆத்தா விசயம் நர்ஸம்மா. வைக்கிறேன்."

டாக்டரிடம் சொன்னேன். கதிர் சிகிச்சையில் நடுவில் நாள் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மிச்சமிருக்கும் புற்றுக்கு மூச்சு விட இடம் கொடுத்த மாதிரி. அவள் வந்தே ஆக வேண்டும். நான் அன்று சாயங்காலமே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். டாக்டர் யோசித்தார். "உண்மையிலேயே அம்மையாவும் இருக்கலாம். அப்படின்னா அது வேற ஆபத்து. ஒடம்பு முழுக்கப் பாருங்க. பாக்காம ஒரு வார்த்தை பேசிடாதீங்க."

போகிற வழியெல்லாம் நான் பேச வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். சாமியைக் குறை சொல்லக் கூடாது, மாமியாரின் மனசையும் நோகடிக்கக் கூடாது, அவளையும் கூட்டி வந்துவிட வேண்டும்.

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. அதற்கு வெளியே, பந்தலுக்கடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் மடியில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். செல்வராணியின் கணவருக்கு அக்கா. பெயர் வள்ளிக்கண்ணு.

"நீங்கதான் கரண்டு வைக்கிற ஆஸ்பத்திரி சிஸ்டரா? நீங்களே பாருங்க. பொறந்த வீட்டு வாசல்ல பிச்சை எடுக்குறவ மாதிரி ஒக்காந்திருக்கேன். நேத்தும் வந்தேன். விசேச வீட்டுக்குப் போயிட்டு வந்தவளாம், தீட்டாம், உள்ள வரக் கூடாதாம். எங்கம்மாவுக்கு மருமக வந்ததும் மக தீட்டாப் போயிட்டேன்."

உள்ளேயிருந்து அடைக்கம்மாள் வந்தார். மஞ்சள் தண்ணீரில் என் காலைக் கழுவச் சொல்லி என்னை மட்டும் உள்ளே விட்டார்.

செல்வராணி பாயில் படுத்திருந்தாள். தலைமாட்டில் வேப்பிலை. கைகால், முதுகு, வயிறு எல்லாம் பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை. காய்ச்சல் இல்லை. கதிர் படுகிற பக்கத்துக் கழுத்து மட்டும் கறுத்துச் சிவந்து, அங்கங்கே உரிந்திருந்தது. அது நான் எதிர்பார்த்ததுதான். டார்ச் அடித்து வாயைப் பார்த்தேன். கன்னத்தின் உட்புறம் பச்சைப் புண். வெள்ளைப் படலமும் பூத்திருந்தது.

அடைக்கம்மாள் இளநீர் எடுத்துவர எழுந்து போனார். செல்வராணி என் கையைப் பிடித்து இழுத்தாள். பேச்சு குழறியது, ஒவ்வொரு சொல்லுக்கும் முகம் சுளித்தது.

"இது அம்மை இல்லன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். அத்தை நம்பிக்கிட்டு இருக்கு. சொல்லிராதீங்க."

"ஏன்?"

"ரெண்டு நாளா யாரும் என்னைய வாயைத் தொறன்னு சொல்லல. தாளிக்கிற நெடி இல்ல. ரெண்டு நாள் இப்படியே கெடக்குறனே."

எனக்கு அது முழுதாகப் புரியவில்லை. இளநீரோடு வந்த அடைக்கம்மாள், "கையைக் கழுவிக்கங்க" என்று சொல்லி என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே துணி துவைக்கிற கல்லின் மேல் பாட்டில்கள் நின்றன. ஜூஸ் பாட்டில், குவார்ட்டர் பாட்டில், ஊறுகாய் ஜாடி, எவர்சில்வர் தூக்கு. எல்லாவற்றிலும் காபி நிறத்தில், கறுப்பாக, பச்சையாக ஏதோ ஒரு தண்ணீர்.

"இது எங் கொழுந்தனார் வீட்டுது. மாசிக்கா. இது ஆலங்குடிச் சம்மந்தி கொண்டாந்தது, கருவேலம்பட்டை. இது பக்கத்துத் தோட்டத்துக்காரி. என்னன்னு அவளுக்கே தெரியாது, யாரோ குடுத்தாகளாம். வாசல்ல பிளாஸ்க்கை வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காளே, எம் மக, அவ கொண்டாந்தது இது எல்லாத்துக்கும் மேல. கொய்யா எலை, அதுல கிராம்பு, அதுல படிகாரம்."

"இவ்வளவும் ராணி கொப்பளிச்சாளா?"

"சும்மா குடுத்துட்டுப் போறாகளா நர்ஸம்மா? எதுக்க ஒக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாக. கொப்பளிச்சுத் துப்புனாத்தான் எந்திரிப்பாக. 'எப்படி, எரிச்சல் கொறையுதா?'ன்னு வேற கேப்பாக. இவளும் கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த, கொறையுதுன்னு தலையாட்டுவா."

எங்களிடம் சொன்ன அதே 'பரவால்ல'.

"வேணாம்னு நீங்க சொல்லக் கூடாதாம்மா?"

"எப்படிச் சொல்றது? அங்கிட்டு அவுக பஸ் ஏறி, வெயில்ல காய்ச்சித் தூக்கிட்டு வாராக. கொட்டுனா மூஞ்சில கொட்டுன மாதிரி. எம் மகளுக்கு வேணாம்னு சொன்னா, மருமவ பேச்சைக் கேட்டுக்கிட்டு எங்கம்மா என்னையத் தள்ளிட்டான்னு சவுதிக்குப் போன் போகும். அவன் அங்க இருந்து, அக்கா சொல்றதைக் கேளுங்கம்பான்."

நிலைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தக் கையால எத்தனை புள்ளைக்கு அம்மைக்குத் தண்ணி ஊத்தியிருக்கேன். எனக்குத் தெரியாதா? அம்மை எங்கயாவது கழுத்துல ஒரு பக்கம் மட்டும், கோடு கிழிச்சாப்புல வந்து நிக்குமா? வேப்பிலை செருகுன வீட்டுக்குள்ள எவரும் மருந்தைத் தூக்கிட்டு வர மாட்டாக. கோவிச்சுக்கவும் மாட்டாக. அதுக்குத்தான் செருகுனேன். ஆத்தா ஒண்ணும் நெனைக்க மாட்டா. பொம்பளை பாடு அவளுக்குத் தெரியும்."

"ராணிக்குத் தெரியுமா?"

"அவ நெசமாவே அம்மைன்னு நம்புறா. பாவம், நம்பிட்டுப் போகட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இவரை வழிக்குக் கொண்டுவரத்தான் பஸ்ஸில் அவ்வளவு பேச்சை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

"ஆனா ஆஸ்பத்திரிக்கு ஏம்மா வரல?"

அடைக்கம்மாள் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார். "அம்மைன்னு சொல்லிட்டு எப்படி பஸ் ஏறுறது? ஊரே பாக்கும். அம்மையில்லன்னு ஆயிடும். நாளைக்கே எல்லாரும் பாட்டிலோட வந்துருவாக. ஒருநாள் வாய் ஆறட்டும்னுதான் பாத்தேன். கட்டத் தெரிஞ்சுச்சு நர்ஸம்மா, அவுக்கத் தெரியல. கரண்டு வைக்காமப் போனா அவ பொழைக்க மாட்டாள்ல?"

அவருக்குப் பதில் தெரிந்தே இருந்தது.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அம்மைதான் என்று நானும் சொல்ல முடியாது, பொய். அம்மை இல்லை, எல்லாம் உங்கள் கஷாயத்தால் வந்தது என்று வாசலில் போய் உடைத்தால், அடைக்கம்மாள் மகளிடம் பொய் சொன்னவராகிவிடுவார். அதுவும் முழு உண்மை இல்லை. புண் கதிரால் வந்தது. கஷாயங்கள் அதைக் கிளறிவிட்டிருந்தன. வீட்டுக்குள் சண்டை மூண்டால் அதில் முதலில் நின்றுபோவது செல்வராணியின் பஸ் பயணம்தான்.

யோசிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. வாசலிலிருந்து வள்ளிக்கண்ணுவின் குரல் வந்தது. "சிஸ்டர், நீங்க படிச்சவுக. நீங்க சொல்லுங்க. இது அம்மைதானா? இல்ல எங்கம்மா என்னைய ஏய்க்குதா?"

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியும் வேலியருகே வந்து நின்றாள்.

நான் வெளியே வந்தேன். "இது கரண்டு வைக்கிறதால வர்ற புண்ணு. கழுத்துலயும் வாயிலயும் ஒரே நேரத்துல செவந்து உரிஞ்சா, பாக்குறவுகளுக்கு அம்மை மாதிரிதான் இருக்கும். அம்மா வேப்பிலை வச்சது ஒண்ணும் தப்பாப் போகல. அம்மைக்கு என்ன முறையோ அதேதான் இதுக்கும் வேணும். காரம் வேணாம், தாளிக்கிற நெடி வேணாம், ஆள் கூட்டம் வேணாம், கண்ட மருந்தும் வேணாம். ஒண்ணே ஒண்ணுதான் வித்தியாசம். ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆகணும். ஒருநாள் கூட விடக் கூடாது."

வள்ளிக்கண்ணுவுக்கு 'கண்ட மருந்து' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. முகம் சுருங்கியது. பிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான்தான் கெடுத்துட்டேனா? எந்தம்பி பொண்டாட்டிய?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்திருந்தேன். ஆமாம் என்றால் இனி அவர் வர மாட்டார். வெளியே நின்று பேசுவார். இல்லை என்றால் நாளையும் பிளாஸ்க் வரும். நான் பிளாஸ்க்கை வாங்கி மூடியில் கொஞ்சம் ஊற்றி வாயில் விட்டுக் கொப்பளித்தேன். கொய்யா இலையின் துவர்ப்பு. பின்னாலேயே கிராம்பு நாக்கை மரத்துப்போக வைத்தது. படிகாரம் கன்னத்தை உள்பக்கமாக இழுத்துப் பிடித்தது. துப்பிவிட்டு வந்தேன்.

"நல்ல வாய்க்கே சுருக்குங்குது அக்கா. ராணி வாயில இப்ப தோலே இல்ல. முழங்கை உரிஞ்ச எடத்துல எலுமிச்சம்பழம் தேச்ச மாதிரி இருக்கும். நீங்க நெனச்சுக் கொண்டாந்தது நல்லதுக்குத்தான். அது அவ வாயிக்குத் தாங்கல. அம்புட்டுத்தான்."

"எரியுதுன்னு அவ ஒரு வார்த்தை சொல்லலையே!"

"எங்ககிட்டயும்தான் சொல்லல."

அதைக் கேட்டதும் அவர் கொஞ்சம் இளகினார். ஏமாந்தது தான் மட்டும் இல்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி என்று நினைக்கிறேன்.

"நாளைக்கு இந்த பிளாஸ்க்கை எடுத்துக்கிட்டு நீங்களே ராணி கூட வாங்க. எங்க டாக்டர் மோந்து பாத்துச் சொல்வாரு. அம்மாவுக்கும் தெனம் பஸ்ல அலைஞ்சு கால் வீங்கியிருக்கு, பாத்தீங்களா?"

வள்ளிக்கண்ணு நாற்காலியிலிருந்து எழுந்து சேலையை உதறினார். வேப்பிலையைப் பார்த்தார், உள்ளே நின்ற தன் அம்மாவைப் பார்த்தார்.

"யம்மா, அதை அவுத்துக்கிவுத்துப் போட்றாத. நாளைக்குப் பெரியப்பா வீட்டுல இருந்து வாரேன்னாக. கடுக்காயை இடிச்சுக்கிட்டு இருக்காகளாம்."

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் இருவரும் நின்றார்கள். செல்வராணி முக்காடு போட்டிருந்தாள். வள்ளிக்கண்ணுவின் கையில் பிளாஸ்க், பையில் வேப்பிலைக் கொத்து. பஸ்ஸில் அந்தக் கொத்தை செல்வராணியின் மடியில் வைத்தார். பக்கத்தில் வந்து விசாரிக்க நினைத்தவர்கள் எல்லாம் கும்பிட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

டாக்டர் பிளாஸ்க்கைத் திறந்து மோந்தார். "கிராம்பும் படிகாரமும் இப்ப வேண்டாம். கொய்யா எலை மட்டும் லேசாக் கொதிக்க வச்சு, நல்லா ஆறவிட்டு, அவங்களே கேட்டா ஒரு தடவை கொடுத்துப் பாருங்க. எரிஞ்சா அதோட நிறுத்திடுங்க. இதால புண்ணு ஆறும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா உப்புத் தண்ணியும் நான் எழுதுற மருந்தும் நிக்கக் கூடாது" என்றார். வெள்ளைப் படலத்துக்கு மருந்து எழுதினார், சாப்பாட்டுக்கு முன் மரத்துப்போக ஒரு ஜெல், வலி மாத்திரையை ஒரு படி ஏற்றினார். "அந்த உப்புத் தண்ணி யாரு பொறுப்பு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் வள்ளிக்கண்ணு, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்ட மாதிரி எழுந்து நின்று.

அதற்குப் பிறகு செல்வராணி ஒருநாளும் விடவில்லை. வாய் உடனே ஆறிவிடவில்லை. கதிர் முடியும்வரை புண் இருக்கத்தான் செய்தது. கஞ்சியும் மோரும்தான் இறங்கின. ஆனால் ஒரு காலை பஸ்ஸில் என் பக்கம் திரும்பி, "இன்னைக்கு வாயிக்குள்ள சிமெண்டுத் தரையை யாரோ தேச்சுக் கழுவுற மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். முதல் முறையாக அவள் வலியைச் சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம் ஊரில் 'பரவால்ல' என்றுதான் பதில் வரும், அது மரியாதைக்குச் சொல்கிற பதில். "நேத்து வாயில என்னென்ன ஊத்துனீங்க?" என்று கேளுங்கள். சொன்ன பிறகு, "அது யாரு கொண்டாந்தது?" என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பாட்டிலை வாங்கிக் கொட்டுவது சுலபம். அதை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு நாம் என்ன வேலை கொடுக்கப் போகிறோம் என்பதில்தான் பல சமயம் சிகிச்சை நிற்பதும் நடப்பதும் இருக்கிறது. இன்று கடையில் விற்கிற மூலிகைக் கொப்பளிப்பு மருந்தாக வந்தாலும், பாட்டில் அழகாகியிருக்கிறதே தவிர, கொண்டு வருகிறவர்கள் மாறவில்லை.

சிகிச்சை முடிந்து கழுத்துத் தோல் ஆறிய பிறகு ஒரு நாள் அடைக்கம்மாள் போன் செய்தார். "ஞாயித்துக்கெழம தண்ணி ஊத்துறோம். நீங்க வந்துருங்க."

போனேன். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த அண்டாத் தண்ணீர். அடைக்கம்மாள் சொம்பில் மொண்டு மருமகள் தலையில் ஊற்றினார். செல்வராணி ஈர முகத்தோடு நிமிர்ந்து, "அத்தே, அம்மை ஒரு பக்கக் கழுத்துல மட்டும்தானே இருந்துச்சு. அங்க மட்டும் ஊத்துனாப் பத்தாதா?" என்றாள்.

சொம்பு அப்படியே நின்றது. அடைக்கம்மாள் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"அடி கள்ளி" என்றார் அவர். சிரித்துக்கொண்டே மீதித் தண்ணீரையும் ஊற்றினார்.

வாசலில் யாருடனோ வள்ளிக்கண்ணு வாதாடிக்கொண்டிருந்தார். "வச்சுட்டுப் போங்க பெரியப்பா. டாக்டர் மோந்து பாக்காம ஒரு சொட்டு உள்ள போகாது."

சமையலறையில் பருப்பு வெந்திருந்தது. அந்த வீட்டில் இத்தனை நாளும் எதையும் தாளிக்கவில்லை. அடைக்கம்மாள் கரண்டியை எடுத்துவிட்டு மறுபடியும் கீழே வைத்தார்.

"தாளிங்கத்தே" என்றாள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்த செல்வராணி.

"ஒனக்குத்தான் இன்னும் ருசியே தெரியலைன்னியே த்தா. எல்லாம் மண்ணு மாதிரி இருக்குன்னியே."

"சத்தம் கேக்குமுல்ல."

எண்ணெய் காய்ந்தது. கடுகைப் போட்டார். அது வெடித்து அடங்கும்வரை செல்வராணி நிலையில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.